கொழும்புப் பெர்மிட்டும் துபாய் விசாவும்

துபாயில் வியாபாரம் தொடங்கப் போகிறேன் என்று என் மகன் போன ஆடி மாதம் சொன்னான். பணம் எவ்வளவு ஆகும் என்று நான் கேட்கவில்லை. "எந்த விசால எடுக்கப் போற?" என்றுதான் கேட்டேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துறைமுகத்தில் குமாஸ்தாவாக 36 வருடம் ஓட்டிவிட்டு மில்லர்புரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு விசாவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருப்பான். உண்மைதான், துபாய் விசா எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அப்பாவின் கொழும்புப் பெர்மிட்.

அப்பா 1934-ல், பதினான்கு வயதில், தனுஷ்கோடியில் போட் ஏறிக் கொழும்புக்குப் போனவர். அப்போது பாஸ்போர்ட், விசா என்ற பேச்சே இல்லை. மண்டபம் முகாமில் உடம்பைப் பார்த்து அனுப்பிவிடுவார்களாம். புறக்கோட்டையில் ஒரு சொந்தக்காரர் கடையில் மூட்டை தைத்து, சிட்டை எழுதி, பிறகு நாலாம் குறுக்குத் தெருவில் தனிக்கடை போட்டார். வெங்காயமும் வத்தலும்தான் வியாபாரம். தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து தோணியில் சரக்கு போகும். 1944-ல் கல்யாணம். அம்மாவைக் கூட்டிப் போகலாம் என்று ஒரு முறை பேச்சு வந்திருக்கிறது. வயதான மாமனார் மாமியாரை யார் பார்ப்பது, கொழும்பில் வீட்டு வாடகை வேறு எதற்கு என்று அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. அவர் வருடத்துக்கு ஒரு முறை வருவார், சீமைப் பிஸ்கட் டின்னோடு. எங்கள் தெருவில் பல வீடுகளில் இதே கதைதான்.

1948-ல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. அதே வருடக் கடைசியில் குடியுரிமைச் சட்டம். 1949-ல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. விண்ணப்பிக்க இரண்டு வருடம் தவணை கொடுத்தார்கள். கல்யாணம் ஆனவர் 1946 ஜனவரிக்கு முன்னால் ஏழு வருடம் தொடர்ந்து அங்கே இருந்திருக்க வேண்டும், ஆகாதவர் பத்து வருடம். அப்பா 1934-லிருந்தே இருக்கிறார். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் அடுத்த நிபந்தனை, மனைவியும் மைனர் பிள்ளைகளும் அங்கேயே குடியிருந்திருக்க வேண்டும் என்பது. அம்மா தூத்துக்குடியில், அக்கா அம்மா இடுப்பில். விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அப்பா எழுந்து வந்துவிட்டாராம். வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கே செலவாகிப் போனது.

அப்புறம் அவருக்குக் கிடைத்தது தற்காலிக வதிவிடப் பெர்மிட். கடை நிரந்தரம், கடைக்காரர் தற்காலிகம்! ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் இங்கே அம்மா பனிமய மாதா கோயிலுக்கும் சிவன் கோயிலுக்கும் சேர்த்து நேர்ந்துகொள்வாள். 1963-ல் புதுப்பித்துத் தரவில்லை. வெளியே கடனுக்குப் போன சரக்கின் பணம் வரவில்லை. வந்த பணத்தையும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் முழுதாகக் கொண்டுவர முடியவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் ஒரு ஆள் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்றுதான் இருந்தது. பழகவே ஒரு வருடம் ஆயிற்று.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். அவன் வியாபாரம் உடன்குடிக் கருப்பட்டி, முருங்கை இலைப் பொடி, மசாலா வகைகள். தேராவிலும் சார்ஜாவிலும் நம்மவர்களும் மலையாளிகளும் நடத்தும் கடைகளுக்குப் போட வேண்டும். ஏஜெண்ட் அவனுக்குச் சொல்லியிருந்தது ஃப்ரீ ஸோன் லைசென்ஸ். மலிவு, ஒரு விசா, சீக்கிரம் கிடைக்கும்.

"ஏல, அந்த லைசென்ஸ்ல ஊருக்குள்ள கடை கடையாப் போயி சரக்குப் போடலாமா?"

"நேராப் போட முடியாதுப்பா. பொதுவா அங்க உள்ள ஒரு விநியோகஸ்தர் மூலமாத்தான்."

"அப்ப அவன் தயவுல தான?"

பதில் இல்லை. பிறகு அவனே விசாரித்தான். ஊருக்குள் வியாபாரம் செய்யப் பொதுவாக மெயின்லாண்ட் லைசென்ஸ் வேண்டும். முன்பு அதற்கு உள்ளூர் அரபி ஒருவருக்கு 51 சதவீதம் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. 2021 ஜூன் முதல் பல தொழில்களுக்கு முழுப் பங்கும் நம் பேரிலேயே இருக்கலாம். பங்குதாரர் விசா இரண்டு வருடம். முதலீட்டாளர்களுக்கு ஐந்து வருட கிரீன் விசாவும் உண்டு. கோல்டன் விசாவுக்கு 20 லட்சம் திர்ஹாமுக்குச் சொத்து வாங்க வேண்டும் என்றான். "அது நமக்கில்லல" என்றேன். அதில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம் இல்லை.

எனக்கு உறைத்தது வேறு ஒரு விதி. சாதாரண விசாக்காரர் ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் விசா காலாவதியாகிவிடும். மனைவி பேரில் எடுத்த விசாவுக்கும் அதே கதிதான். மருமகள் இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். பேத்தி ஒன்பதாவது. "நான் மட்டும் போறேன், அவங்க லீவுக்கு வந்து போகட்டும்" என்பது மகன் திட்டம். வாடகை மிச்சம் என்ற வார்த்தையையும் சொன்னான். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என் அப்பா குரல் மாதிரியே இருந்தது.

துபாயில் எத்தனை வருடம் இருந்தாலும் நமக்குக் குடியுரிமை வரப் போவதில்லை. அதனால் அப்பாவுக்கு வந்த கேள்வி இவனுக்கு வராது என்று நீங்கள் சொல்லலாம். மகனும் அதையே சொன்னான். ஆனால் எனக்கு வந்தது சட்டக் கவலை இல்லை. அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் ஞாபகம்தான். அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்து மருமகளிடம்தான் சொன்னேன். "மாமா, நான் போறதுன்னா வேலைய விடணுமே" என்றாள். நியாயமான கேள்வி. அங்கே இந்தியப் பள்ளிக்கூடங்கள் நிறைய உண்டு, ஆனால் இங்கே பதினாறு வருட சர்வீஸ். அந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். ஃப்ரீ ஸோன் வேண்டாம், மெயின்லாண்ட் லைசென்ஸ், பங்குதாரர் விசா. செலவு கூடுதல். அதற்காக என் வைப்புத்தொகையில் ஒன்றை உடைத்தேன். பேத்தி ஒன்பதாவது பரீட்சை எழுதியதும் மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். மருமகள் இப்போதைக்கு லீவு போட்டுப் பார்க்கிறாள், கொடுத்தால் சரி. கல்யாணச் சான்றிதழுக்கு வெளியுறவுத் துறை முத்திரையும் தூதரக முத்திரையும் வாங்க அனுப்பியிருக்கிறோம். உங்கள் பிள்ளைகள் யாராவது குடும்பத்தோடு போவதாக இருந்தால் அதை முதலில் ஆரம்பித்துவிடுங்கள். ரொம்ப இழுக்கிறது.

நேற்று மூன்று பேரும் விசாவுக்குப் போட்டோ எடுத்து வந்தார்கள். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் அவருடைய பெர்மிட் போட்டோ ஒன்று இருக்கிறது, கறுப்புக் கோட்டில், தனியாக. பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்க அம்மா போட்டோ எங்க?" என்று கேட்டாள்.