மாமாவின் இடது காதும் ஒரு .22 பிஸ்டலும்

தலைப்பைப் பாத்துட்டு "இவன் எப்பய்யா தாதா ஆனான்"னு யோசிக்காதீங்க மக்கா. நான் வழக்கம்போல ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு, பொழுது போகலைன்னா எதையாவது கிறுக்குற அதே அப்பாவிதான். பிஸ்டல் என்னுது இல்ல, டெக்சாஸ்ல இருக்குற என் மாமாவோடது. அதைத் தேர்ந்தெடுக்க எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்தது மட்டும்தான் நம்ம பங்கு.

தொட்டுக்கூடப் பாக்கலை. ஏன்னா நான் எச்1பி. ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இல்லாம, இந்த மாதிரி விசாவுல இருக்குறவன் அமெரிக்காவுல துப்பாக்கி வச்சிருக்கக் கூடாதுன்னு மத்திய சட்டமே சொல்லுது. மாமா சிட்டிசன், அவருக்குப் பிரச்சினை இல்ல. நான் அவர் வீட்டுக்குப் போனா சேஃப் சாவியை எங்க வச்சிருக்காருன்னுகூட எனக்குச் சொல்ல மாட்டார். அவ்ளோ உஷார்.

மாமாவோட பிரச்சினை வேற. சின்ன வயசுல கோயமுத்தூர் பக்கம் ஒரு நூல்மில்லுல வேலை. அங்க காதுல பஞ்சு வச்சுக்கிட்டதோட சரி. அப்புறம் இங்க வந்து வருஷக்கணக்கா ரைஃபிள் பழக்கம். வலது தோள்ல வச்சு சுடுறவங்களுக்கு இடது காது குழல் வாய்ப் பக்கம் திரும்பி இருக்கும், அதனால அதுதான் அதிகம் அடி வாங்கும். இப்ப அவரோட இடது காதுல ராத்திரி பகலா ஙொய்ய்ங்னு ஒரு சத்தம். போன காது திரும்ப வராது, மிச்சத்தையாவது காப்பாத்துங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அத்தை இன்னும் சுருக்கமா சொன்னாங்க. "காதா துப்பாக்கியா, ஒண்ணைச் சொல்லுங்க."

மனுஷன் ரெண்டையும் விட முடியாம தவிச்சார். காரணம் துப்பாக்கி மேல காதல் இல்லீங்க. காலேஜ் படிக்கிற பொண்ணு அவரோட உக்காந்து நாலு வார்த்தை பேசுறதே சனிக்கிழமை காலையில ரேஞ்சுல மட்டும்தான். அங்கயும் காதுல ப்ளக், மேல மஃப். அவ பேசுறது பாதி கேக்காது. "மாப்ளே, நீ எஞ்சினியர்தானே, ஒரு வழி சொல்லேன்"னார். நான் படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது ஜாவாவுல. இருந்தாலும் விடுவமா?

சினிமாவுல 'புஸ்க்'னு கேக்குதே, அது சுத்தப் பொய். சுடும்போது வர்ற சத்தம் மூணு வகை. ஒண்ணு, குழல் வாயில வெடிச்சு வெளிய வர்ற வாயு. ரெண்டு, குண்டு ஒலி வேகத்தைத் தாண்டினா சாட்டையடி மாதிரி வர்ற 'சடார்'. மூணு, துப்பாக்கியோட உறுப்புகள் அடிச்சுக்கிற சத்தம். சப்ரஸர் முதல் சத்தத்தை மட்டும்தான் அடக்கும். சும்மா சுட்டா .22 பிஸ்டல் சுமார் 155-160 டெசிபல். நல்ல சப்ரஸர் போட்டா 115-120 பக்கம் வரும். 140க்கு மேல ஒரே ஒரு வெடிகூட காதைக் கெடுக்கலாம்கிறாங்க. அந்த 140 கோட்டுக்கு இந்தப் பக்கம் வர்றதுதான் முழு விஷயமும்.

ரெண்டாவது சத்தத்துக்கு தோட்டாவைப் பாத்து வாங்கணும். ஒலி வேகம் 20 டிகிரியில நொடிக்கு சுமார் 1,125 அடி. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டின்னு விக்கிற .22 தோட்டா சுமார் 1,070 அடி. குட்டைக் குழல் பிஸ்டல்ல அது இன்னும் குறையும். வெயில் குறைஞ்சா ஒலி வேகமும் இறங்கும்கிறதால குளிர்காலத்துக்கும் சேர்த்து கொஞ்சம் இடைவெளி வேணும்னு ஷீட்ல ஒரு காலம் போட்டேன்.

இனி பிஸ்டல். பெரும்பாலான 9 எம்எம் பிஸ்டல்ல சுடும்போது குழலே பின்னால நகர்ந்து சாயும். அதோட மூக்குல எடையை மாட்டினா சரியா ஓடாது, ஸ்பிரிங் வச்ச பூஸ்டர் வேணும். ரூகர் மார்க் வகை .22ல குழல் அசையவே அசையாது, உள்ள போல்ட் மட்டும்தான் முன்ன பின்ன ஓடும். 1949ல வந்த முதல் மாடல்லேர்ந்தே அதே அமைப்பு. பிரவுனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி ரெண்டுக்கும் நிலையான குழல்தான். டாரஸ் டிஎக்ஸ்22ல மேகசின்ல 16 தோட்டா போகும்.

அப்புறம் எதுல முடிவாச்சுன்னா, சுத்தம் பண்றதுல. .22 குண்டு பெரும்பாலும் ஈயம், மருந்தும் அழுக்கு. சப்ரஸர் மாட்டினா அந்த அழுக்குல ஒரு பங்கு திரும்பி பிஸ்டலுக்குள்ளயே வரும். பக் மார்க்கைப் பிரிக்க ஆலன் கீ தேடணும். ரூகரோட பழைய மார்க் 3ஐ பிரிச்சு மாட்டுறதுக்குள்ள சாமி கும்புட்ருவோம். 2016ல வந்த மார்க் 4ல பின்னாடி ஒரு பட்டன், அழுத்தினா ரெண்டா மடங்கிடும். மாமாவுக்கு விரல் மூட்டு வலி வேற. ஆக மார்க் 4, அதுலயும் எடை குறைஞ்ச 22/45 லைட், குழல் முனையில 1/2-28 மரையோட. சப்ரஸரும் கழட்டித் துடைக்கிற மாதிரி உள்ளது.

சப்ரஸர் 42 மாநிலத்துல வச்சுக்கலாம். 1934லேர்ந்து அதுக்கு 200 டாலர் வரி இருந்துச்சு. 2026 ஜனவரி 1லேர்ந்து அது பூஜ்ஜியம். ஆனா விண்ணப்பம், கைரேகை, போட்டோ, ஒப்புதல் எல்லாம் அப்படியேதான். மாமா கைரேகை கொடுத்துட்டு வந்து, "நம்ம ஊர்ல பத்திரப்பதிவுக்குப் போன மாதிரியே இருந்துச்சுடா"ன்னார்.

ஒப்புதல் வந்த அடுத்த சனிக்கிழமை காலையில, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போனாங்க. பக்கத்து மேடையில யாராவது பெரிய ரைஃபிளை எடுத்தா உங்க சப்ரஸர் ஒண்ணும் செய்யாது, அதனால ப்ளக்கை மட்டும் கழட்டவே கூடாதுங்கறது அத்தையோட நிபந்தனை. மேல போடுற மஃப் மட்டும் போச்சு. நான் பின்னாடி பெஞ்சுல கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். பொண்ணு, "அப்பா, இடது பக்கம் இழுக்குறீங்க"ன்னா. மாமா திரும்பிப் பாக்காமலே "தெரியுதும்மா"ன்னார். அவ ரெண்டாவது தடவை சொல்லத் தேவைப்படலை.

ஙொய்ங் சத்தம் போகலை, போகவும் போகாது. ஃபிரிட்ஜ் மேல அவரோட ஆடியோகிராமை அத்தை ஒட்டி வச்சிருக்காங்க. அடுத்தது டிசம்பர்ல. கோடு இன்னும் இறங்கினா பிஸ்டல் வித்தாச்சுன்னு அர்த்தமாம். மாமாவும் சரின்னுட்டார்.