வீடு வீடாகப் போக வேண்டிய வேலை

பெங்களூரில் டெங்கு பரவினால் மக்கள் முதலில் கேட்பது புகை மருந்தைத்தான். மாநகராட்சிகளும் அதையே அனுப்புகின்றன. கண்ணுக்குத் தெரிகிற வேலை அது. ஆனால் புகை, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். டிரம்மிலும் பூந்தொட்டித் தட்டிலும் நெளியும் புழு தப்பிவிடும். முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். ஆகவே சுகாதாரப் பிரிவின் முதல் கடமை, வாரந்தோறும் வீடு வீடாகப் போய்த் தேங்கிய நீரைக் கொட்ட வைப்பதுதான் என்பேன். நோயைத் தடுக்க வாழிடத்தைச் சரிசெய்ய வேண்டும் என்ற அறிவு இந்த ஊருக்குப் புதிதல்ல. 1898-இல் பிளேக் தாக்கிய பிறகு, நெரிசலான பழைய பேட்டைக்கு வெளியே பசவனகுடியும் மல்லேஸ்வரமும் காற்றோட்டமான தெருக்களோடு வேகமாக வளர்ந்தன.

2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, கொசு வளர இடம் கொடுக்கும் நகர வீடுகளுக்கு 400 ரூபாய், கட்டுமானத் தளங்களுக்கு 2,000 ரூபாய் என அபராதம் வைத்தது. சாக்கடையைத் தூர்வாராதவர்கள் நம்மிடம் பணம் கேட்பதா என்ற கோபம் நியாயமானதே. ஆனாலும் டெங்குக் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில் வளர்வது. வீட்டுக்குள் பார்க்காமல் தீராது. அதே ஆண்டுக் கோடையில் குழாய் வறண்டு, டிரம்மில் நீர் சேர்த்துவைத்த குடும்பங்களோ ஏராளம். அவர்களுக்கு மூடி கொடுக்காமல் ரசீதை நீட்டுவது அநியாயம். அபராதம் கட்டுமான முதலாளிகளிடம் தொடங்கட்டும். 2025-இல் ஒரே மாநகராட்சியைப் பிரித்து உருவான ஐந்து மாநகராட்சிகளும், வார்டுக்கு எத்தனை ஆய்வாளர்கள், மாதம் எத்தனை வீடுகள் பார்க்கப்பட்டன என்ற கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும்.