உட்கார்ந்தால் பாடும் பெஞ்சு

ஸ்டாக்ஹோமில் வாஸாஸ்டான் பகுதியில் ஒரு சின்னப் பூங்கா. "அந்த பெஞ்சிலே உட்காரேம்மா" என்றாள் என் பெண். உட்கார்ந்ததுதான் தாமதம், எங்கிருந்தோ ஒரு பெண் குரல் பாட ஆரம்பித்தது. தூக்கிவாரிப் போட்டது எனக்கு!

மோனிகா ஸெட்டர்லுண்டின் குரலாம். 2009-ல் திறந்த இந்தப் பூங்காவுக்கும் அவர் பெயர்தான். ஜாஸ் என்றதும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம். குழந்தையைத் தூங்கப் பண்ணுகிற மாதிரி இதமான குரல்.

1937-ல் ஹாக்ஃபோர்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை; இருபது வயதுக்குள் கையில் குழந்தை. அதோடுதான் பாட்டும்!

1963-ல் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்காக ஸ்வீடன் இவரை லண்டனுக்கு அனுப்பியது. கிடைத்த மார்க்? பூஜ்யம்! ஒரு நாடுகூட இரக்கப்படவில்லை. வேறொருத்தியானால் வீட்டோடு முடங்கியிருப்பாள். இவரோ, அடுத்த வருஷமே அமெரிக்கப் பியானோ மேதை பில் எவன்ஸோடு 'வால்ட்ஸ் ஃபார் டெபி' இசைத்தட்டைக் கொண்டுவந்தார். டெபி, எவன்ஸின் அண்ணன் குழந்தை. அவளுக்காகப் போட்ட மெட்டு, ஸ்வீடிஷ் வார்த்தைகளோடு 'மோனிகாவின் வால்ட்ஸ்' ஆகிவிட்டது!

சினிமாவில் நடித்தும் பரிசு வாங்கினார். ஆனால் முதுகெலும்பு கோணல் அவரைப் பாடாய்ப் படுத்தியது. வலியோடேயே வருஷக்கணக்கில் மேடை ஏறினவர், 1999-ல் பாடுவதை நிறுத்தினார். 2005-ல், ஸ்டாக்ஹோம் வீட்டில் பிடித்த தீயில் போய்விட்டார். அப்போது வயது 67.