நம்மைச் சுற்றி வரும் பூனைக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?



சென்ற ரமலானில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். பிறருக்குப் பாடம் சொல்லும் இடத்தில் இருக்கும் நாங்கள், எங்கள் மகளின் ஒரு கேள்வியால் பாடம் கற்ற செய்தி இது.

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் மல்லி என்றொரு பூனை வளர்கிறது. நோன்பு திறந்து மஃரிப் தொழுகை முடிந்ததும், பள்ளிவாசலிலிருந்து வந்த கஞ்சியில் எஞ்சியதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அதற்கு வைப்பது எங்கள் வழக்கமாக இருந்தது. கறிவாடை இருந்ததால் அதுவும் ஆவலோடு நக்கிக் குடித்தது. ஒரு வாயில்லா உயிருக்கு உணவளிக்கிறோம் என்ற மனநிறைவு எங்களுக்கு. அந்த வாரம் மத்ரஸாவில் நடந்த பாடமும் அதற்கேற்றதாகவே அமைந்தது. ஒரு பூனையை அடைத்து வைத்துச் சாகவிட்ட பெண் அதன் காரணமாக வேதனை செய்யப்பட்டதாக புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் வரும் நபிமொழியை விளக்கி, “நம் வீட்டு வாசலில் வரும் பூனையைப் பசியோடு அனுப்பாதீர்கள்” என்று பிள்ளைகளிடம் உருக்கமாகச் சொல்லியிருந்தோம்.

இருபதாம் நோன்புக்குப் பிறகு மல்லி கிண்ணத்தின் பக்கமே வரவில்லை. இரண்டு நாள் மாடிப்படியின் அடியில் சுருண்டு கிடந்தது. ஈறுகள் வெளுத்திருந்தன. சிறுநீர் தேநீர்ச் சாயம்போல் பழுப்பாக இருந்தது. ஒரு கூடையில் வைத்து கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் பூனையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கேட்டது ஒரு கேள்விதான்: “இதுக்கு என்ன சாப்பாடு குடுக்குறீங்க பாய்?”

நோன்புக் கஞ்சி என்றோம். அதில் என்னென்ன சேரும் என்று கேட்டார். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, கறி, தேங்காய்ப்பால் என்று சொல்லிக்கொண்டே வந்து, வெங்காயம், பூண்டு என்றதும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வேகவைத்தாலும், அரைத்தாலும், பொடியாக்கினாலும் அந்தத் தன்மை போவதில்லை. நாய்களைவிடப் பூனைகளை அது கடுமையாகத் தாக்கும். கேடு உடனே தெரியாது. சில நாள் கழித்தே சோர்வாகவும் இரத்தச்சோகையாகவும் வெளிப்படும். தனியான முறிமருந்தும் இல்லை. உடல் புதிய இரத்தத்தை ஊறவைக்கும்வரை அதைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை என்றார்.

திரும்பி வரும் வழியில், கூடையை மடியில் வைத்திருந்த எங்கள் பதினொரு வயது மகள் கேட்டாள்: “வாப்பா, சாப்பாடு குடுக்காத பொம்பளைக்கே அவ்வளவு தண்டனைன்னா, இருபது நாள் தப்பான சாப்பாடு குடுத்த நமக்கு?”

எங்களிடம் உடனடி விடை இல்லை. அறியாமல் செய்த பிழையை அல்லாஹ் மன்னிக்கிறான் என்பது நாம் நம்பும் மார்க்கத்தின் அடிப்படை. அதைத்தான் அவளிடம் சொன்னோம். ஆயினும் அன்றிரவு தராவீஹ் முடிந்து வந்து அதே நபிமொழியை மீண்டும் எடுத்துப் படித்தபோது, பலமுறை பாடம் நடத்தியும் நாங்கள் கவனிக்காத ஒரு பகுதி கண்ணில் பட்டது. அந்தப் பெண் பூனைக்கு உணவளிக்கவில்லை என்பதோடு அந்தச் செய்தி முடியவில்லை. பூமியிலுள்ள சிறு உயிர்களை அது தானாகத் தின்னும்படி விடவும் இல்லை என்கிறது. பூனையின் உணவு எது என்பதே அங்கு சொல்லப்பட்டிருக்கிறது! அது வேட்டையாடி உண்ணும் உயிர். நமது கஞ்சியும் சோறும் அதன் இயல்பான உணவல்ல.

மருத்துவர் சொன்னதும் இதையேதான். பூனை கட்டாயமாக இறைச்சி உண்டே வாழவேண்டிய உயிரினம். டாரின் என்னும் சத்தை அதன் உடல் போதிய அளவு தானே உண்டாக்கிக்கொள்ளாது. இறைச்சியிலும் மீனிலும் இருந்தே அதைப் பெற வேண்டும். அது குறைந்தால் இதயமும் கண்பார்வையும் பழுதுபடும். இனிப்பின் சுவையைப் பூனையின் நாவு உணர்வதே இல்லை. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஏற்படும். “பூனைக்குப் பால்” என்று தலைமுறைகளாக நாம் சொல்லி வருவது அறிவிப்பாளர் தொடர் இல்லாத செய்தியைப் போன்றது. பூனையை நேசிப்பது ஈமானின் ஒரு பகுதி என்று நபிமொழியாகப் பரப்பப்படும் வாசகத்துக்கு ஆதாரம் இல்லை என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவற்றைத் தவிர்க்கச் சொல்லும் நாம், கிண்ணத்தில் வைப்பதையும் விசாரித்தல்லவா வைக்க வேண்டும்?

அல்ஹம்துலில்லாஹ், மல்லி பிழைத்துக்கொண்டது. பெருநாள் கழிந்து சில வாரங்களில் மதில் ஏறத் தொடங்கியது. அதற்குப் பிறகு எங்கள் அடுப்படியில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. மல்லியின் அன்றாட உணவு மருத்துவர் சொன்ன முறைப்படி நடக்கிறது. பிள்ளைகள் ஆசையாகக் கொடுக்கும் தின்பண்டத்தை மட்டும் நாங்களே செய்கிறோம். உங்கள் வீட்டிலும் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, கோழித் துண்டு. எலும்பில்லாத நெஞ்சுக்கறி 100 கிராம் எடுத்து, உப்பும் மசாலாவும் இல்லாமல் தண்ணீரில் நன்கு வேகவைக்கவும். ஆறியதும் நார்நாராகப் பிய்த்து, எண்ணெய் தடவாத தோசைக்கல்லில் சிறு தீயில் ஈரம் வற்றும்வரை வைத்து எடுத்தால் போதும். கோழியின் இதயம் கிடைத்தால் ஒன்றிரண்டைச் சேர்த்து வேகவைக்கலாம். அதில் டாரின் மிகுதி.

இரண்டாவதை எங்கள் மகள் “மீன் இட்லி” என்கிறாள். சாளை எனப்படும் மத்தி மீன் நான்கை ஆய்ந்து, ஆவியில் வேகவைத்து, முள்ளை முழுவதும் நீக்கி மசிக்கவும். வேகவைத்த மஞ்சள் பூசணி ஒரு தேக்கரண்டி சேர்த்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து, இட்லித்தட்டில் மெல்லியதாகப் பரப்பி மீண்டும் ஆவியில் வைக்கவும். முட்டை முழுவதும் வெந்து கெட்டிப்பட்டதும் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கலாம். குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

அளவு முக்கியம். ஒரு நாளில் பூனைக்குத் தேவையான ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் கூடாது. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரி தேவை. ஆகவே வெந்த கோழிக்கறி பத்துப் பன்னிரண்டு கிராமே எல்லை. ஈரல் சத்தானதுதான் என்றாலும் அடிக்கடி கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கேடாகும்.

கொடுக்கக் கூடாதவற்றையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு கலந்த ஆணம், பிரியாணி, கஞ்சி எதுவும் வேண்டாம். உப்புக் கருவாடு வேண்டாம். வெந்த எலும்பு கூராக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். சாக்லேட்டும் உலர்ந்த திராட்சையும் ஆகாது. காய்ச்சலாக இருக்கிறதே என்று நம் வீட்டுப் பாராசிட்டமாலை ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது உயிரைப் பறிக்கும் நஞ்சு.

இந்தப் பண்டத்தை முதன்முதலில் செய்த நாளில் எங்கள் இல்லத்தரசி ஓர் ஐயத்தை எழுப்பினார்கள்: “பக்கத்து வீட்டுல கறி எடுக்காம இருக்காங்க. நாம பூனைக்குக் கோழி அவிக்கிறது வீண்விரயம் ஆகாதா?” நியாயமான கேள்வி. அன்று முதல் ஒரு முறையை வைத்துக்கொண்டோம். கறி எடுக்கும் நாளில் முதல் பங்கு அண்டை வீட்டுக்குப் போகும். மல்லியின் நூறு கிராம் எங்கள் தட்டில் குறையும், அவர்கள் தட்டில் அன்று. ஈரமுள்ள ஈரல் கொண்ட ஒவ்வோர் உயிருக்கும் உதவுவதில் நற்கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்க, அந்தக் கூலியை அண்டை வீட்டார் செலவில் தேடுவது முறையாகாது.

நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்களுக்கு மருமகள் கப்ஷா உளூச் செய்யத் தண்ணீர் வைத்தபோது ஒரு பூனை வந்ததாகவும், அது குடிப்பதற்காக அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததாகவும் அபூதாவூது, திர்மிதீ முதலிய நூல்களில் காண்கிறோம். பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்ற நபிமொழியை மருமகளுக்கு அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அந்தக் கையில் இருந்தது தூய தண்ணீர். நம்மைச் சுற்றி வரும் உயிர் நம் கையை நம்பியே வருகிறது. கொடுப்பது என்ன என்று கேட்டறிவதும் இரக்கத்தைச் சேர்ந்ததே.

இவ்வாண்டு அதே நபிமொழியைப் பாடம் நடத்தியபோது, நடந்ததை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொன்னோம். உஸ்தாதும் தவறு செய்வாரா என்பதுபோல் சிலர் பார்த்தார்கள். பாடம் முடிந்ததும் ஒரு சிறுவன் அருகே வந்து, “ஹஸ்ரத், எங்க வீட்டுப் பூனைக்கும் உம்மா ஆணஞ்சோறுதான் வைக்கிறாங்க. இன்னைக்கே போய்ச் சொல்றேன்” என்றான்.

அறியாமல் நாம் செய்த பிழைகளை அல்லாஹ் மன்னிப்பானாக. அறிந்த பின் திருத்திக்கொள்ளும் நல்வாய்ப்பை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.