ஹிஸ்ஸா, ஹர்ரா, தேரா?

புனேவுக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் ஆறாவது, ஏழாவது தொட்டதும் தவறாமல் ஒரு கேள்வி வரும். 'எவ்ரி ஸ்டூடண்ட் மஸ்ட் பிரிங் ____ புக்.' கோடிட்ட இடத்தில் ஹிஸ்ஸா, ஹிஸ் ஆர் ஹர்ரா, இல்லை தேரா? (நம்ம ஊர்த் தேர் இல்லைங்க.) எங்கள் குடியிருப்பில் இதற்கெல்லாம் நான்தான் அத்தாரிட்டி என்று யாரோ கிளப்பிவிட்டுவிட்டார்கள். நாள் முழுக்க ஆங்கில மெயில் எழுதுவதே பிழைப்பு என்பதால் இருக்கலாம்.

பரீட்சையில் உங்க டீச்சர் சொல்லித் தந்ததை எழுது, மற்ற இடத்தில் தேர் என்றே எழுது என்பேன். உடனே பெரியவர்கள் யாராவது, "ஒருத்தருக்கு எப்படிப்பா பன்மை வரும்?" என்பார்கள். இதை நாம் கேட்கலாமோ! 'அவர்' பலரைக் குறித்த சொல்தானே? மரியாதைக்காக ஒருத்தருக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அப்புறம் பலரைச் சொல்ல 'கள்' சேர்க்க வேண்டியதாயிற்று. ஆங்கிலத்து 'யூ' கதையும் இதேதான். ஒருத்தருக்கு 'தே' போடுவது 14ஆம் நூற்றாண்டிலேயே உண்டு, ஜேன் ஆஸ்டினும் எழுதியிருக்கிறார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துக் கையேடு 2019-ல் வந்த ஏழாம் பதிப்பில் அதை ஏற்றுக்கொண்டது.

மராத்தி பேசும் ஊரில் இருந்துகொண்டு ஆங்கிலத்தைக் குறை சொல்வதும் நியாயமில்லை. இங்கே கதவு ஆண், நாற்காலி பெண், வீடு இரண்டும் இல்லை. 'நான் போகிறேன்' என்பதற்குக்கூட ஆண் 'மீ ஜாதோ' என்க வேண்டும், பெண் 'மீ ஜாதே'. வீட்டுவேலைக்கு வரும் அக்காவிடம் மராத்தி கற்றுக்கொண்ட நண்பர் ஒருவர் ஆபீஸில் கம்பீரமாக 'மீ ஜாதே' என்று சொல்லிவிட்டுக் கிளம்ப, ஒரு வாரம் சிரித்தார்கள் :-)

சிரிக்க முடியாத இடமும் இருக்கிறது. 'ஹி என்றால் ஷியும் அடக்கம்' என்று பள்ளியில் படித்தோமே, அது இலக்கணம் மட்டுமில்லை, சட்டம். 1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 8ஆம் பிரிவே அதுதான். குற்றம் செய்தால் பெண்ணும் 'ஹி'க்குள் வந்துவிடுவாள். ஆனால் 1916-ல் ரெஜினா குஹா என்ற சட்டப் பட்டதாரி வக்கீலாகப் பதிவு கேட்டபோது, வக்கீல்கள் சட்டத்தின் 'ஹி'க்குள் பெண் வரமாட்டாள் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1921-ல் பாட்னாவில் சுதான்ஷுபாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில். 1923-ல் தனிச் சட்டம் போட்டுத்தான் கதவு திறந்தது. தண்டனைக்கு உள்ளே, தொழிலுக்கு வெளியே. என்ன இலக்கணமோ!

கராடி பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு எரவாடா டெக்கன் காலேஜ் தெரிந்திருக்கும். அங்கே படித்தவர்தான் கார்னிலியா சொராப்ஜி. 1892-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதினார். பட்டம் கைக்கு வந்தது 1922-ல்! முப்பது வருஷம்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியவில்லை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டு விதியில் 'எம்ப்ளாயி, ஹிஸ் ஒய்ஃப் அண்ட் சில்ட்ரன்' என்று இருந்தது. எங்கள் டீமில் ஒரு திருச்சிப் பெண். கணவருக்கு அவசரமாக ஆபரேஷன். மனைவியைத்தானே சேர்க்கலாம், கணவரை எப்படிச் சேர்ப்பது என்று எச்.ஆரில் கேட்டார்கள். 'ஹிஸ்' என்றால் ஹர்ரும் அடக்கம் என்று வாதாடினாள் அவள். சரி, 'ஒய்ஃப்' என்றால் ஹஸ்பெண்டும் அடக்கமா என்று திருப்பிக் கேட்டார்கள். பதினோரு மெயில் போனது. ஆபரேஷனுக்குக் கையிலிருந்து கட்டினார்கள், பணம் பாதிதான் திரும்பி வந்தது. ஒரு பிரதிப்பெயர்ச்சொல்லுக்கு இவ்வளவு விலை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 'ஹி' என்பது ஆண், பெண், திருநர் மூவரையும் குறிக்கும் என்கிறது. மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டுவிட்டு வாசலில் பலகை மட்டும் 'ஹி' என்றே தொங்குகிறது. எனக்கென்னவோ 'தே' என்று மாற்றியிருந்தால் வேலை சுலபம்.

அந்தக் கம்பெனி படிவத்தில் பிறகு 'ஸ்பௌஸ்' என்று மாற்றினார்கள். அடுத்த சண்டை 'பேரண்ட்ஸ்' என்றால் மாமனார் மாமியாரும் உண்டா என்பது. அது பெரிய கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.