ஆட்டத்தின் மொழி

"விளையாட்டுத்தானே!" என்று பெரியவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நாமும் அவ்வாறு சொல்லிக்கொண்டிருந்தவர்தாம். நடுவணரசு அலுவலகம் ஒன்றில் இருபதாண்டுகளாகக் கோப்புகளோடு காலங்கழித்து வரும் எழுத்தருக்கு விளையாட்டைப் பற்றிச் சிந்திக்க நேரமேது? ஆயினும், ஈராண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் திருவனந்தபுரத்து நமது இல்லத்தின் உணவு மேசையில் நடந்த ஒரு சச்சரவு, இன்றளவும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

கல்லூரியில் பயிலும் நம் மகளும் அவளுடைய தோழர் நால்வரும் ஞாயிறுதோறும் கூடி ஓர் ஆட்டம் ஆடுவார்கள். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, மருத்துவத் துறவி என ஆளுக்கொரு வேடம் பூண்டு, அந்த வேடத்தின் வாயாலேயே பேசுவார்கள். வாள் வீச்சு பலித்ததா, பிழைத்ததா என்பதை இருபது முகங்கொண்ட பகடைக்காய் தீர்மானிக்கும். ஒவ்வொரு வேடத்திற்கும் உயிர்ப்புள்ளிகள் என ஒரு கணக்கு உண்டு. அடிபடுந்தோறும் புள்ளி குறையும். அது தீர்ந்தால் வேடம் வீழும்.

அன்று ஒரு குகைக்குள் போர் நிகழ்ந்தது. மருத்துவத் துறவியாக வேடமேற்றிருந்த நம் மகளிடம் காயமாற்றும் மந்திரம் ஒன்றே எஞ்சியிருந்தது. அவள் வீரனை நோக்கி, "தோழா, உன் நிலை யாது?" என்று வினவினாள். வீரனாக ஆடிய இளைஞன் மார்பை நிமிர்த்தி, "எனக்கொன்றுமில்லை; முன்னேறுங்கள்!" என்றான். அவள் அந்த மந்திரத்தை வேறொருவனுக்குச் செலவிட்டாள். அடுத்த வீச்சில் வீரன் மாண்டான். அவனிடம் அப்போது மூன்றே புள்ளிகள் இருந்தனவாம்!

பிறகு எழுந்த கூச்சலைக் கேட்க வேண்டுமே! "மூன்று புள்ளிதான் மிச்சம் என்று வெளிப்படையாகச் சொன்னால் என்ன?" என்றது ஒரு கட்சி. "குகைக்குள் நின்று போரிடும் வீரன் புள்ளிக்கணக்கா சொல்வான்? அப்படிச் சொன்னால் அது கதையா, கணக்கேடா?" என்றது மறுகட்சி. அடுத்த அறையில் படுத்திருந்த நம் தாயார் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் மகள் சென்று வழக்கை விளக்கியபோது, "வலிக்குன்னு எந்த வீரன் மக்களே சொல்லுவான்?" என்று மட்டும் கூறிச் சிரித்தார்கள். அச்சிரிப்பின் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை.

இந்த வழக்கு நம் வீட்டு மேசையில் புதிதாகப் பிறந்ததன்று. அவ்வாட்டத்தோடு உடன்பிறந்தது என்பதைப் பின்னர் அறிந்தோம். அவ்வாட்டத்தின் விதிகள் இருவகைப்பட்டவை. சில விதிகள் கதையுலகுக்குள்ளேயே வாழ்பவை. ஜாக் வான்ஸ் என்னும் எழுத்தாளரின் கதைகளைத் தழுவி, தொடக்கப் பதிப்புகளில் மந்திரவாதி தன் மந்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டான். ஓதியவுடன் அது நினைவைவிட்டு நீங்கிவிட்டது. ஆகவே, "இன்றைக்கு இன்னும் ஒரு மந்திரமே என் நினைவில் உள்ளது" என்று அவன் வேடம் கலையாமலே சொல்ல முடிந்தது. ஆனால் உயிர்ப்புள்ளி அத்தகையதன்று. அது உடற்காயத்தை மட்டும் குறிப்பதன்று என்றும், திறமையும் நற்பேறும் தெய்வத்துணையும் அதில் அடங்கும் என்றும் 1979-இல் வெளிவந்த நடத்துநர் கையேட்டில் கைகாக்ஸே விளக்கியிருக்கிறார். தன் நற்பேறு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை எந்த மானிடன் எண்ணிச் சொல்ல இயலும்?

வேடத்துக்குள் நின்றபடி ஆட்டத்தின் விதியைப் பேசும் கலை நமக்கு அயலானதும் அன்று. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனை எண்ணிப் பாருங்கள். அவன் அரசவைச் சேவகன். அதே நேரத்தில், அடுத்து வருபவர் இன்னார் என அவையோருக்கு அறிவிக்கும் சூத்திரதாரியும் அவனே. நாம் வாழும் இந்நகரிலோ, 1970-இல் தோன்றிய 'மார்கி' கூடியாட்டத்தைப் பேணி வருகிறது. யுனெஸ்கோ 2001-இல் சிறப்பித்த அக்கலையில் எந்த முத்திரை எப்போது என்பதற்கு 'ஆட்டப்பிரகாரம்', மேடை நடைமுறைக்குக் 'கிரமதீபிகை' என விதிநூல்கள் உள்ளன. நாயகன் வடமொழியில் பேச, விதூஷகனோ தன் வேடம் கலையாமலே மலையாளத்தில் அதை மக்களுக்கு எடுத்துரைக்கிறான். விதி ஒரு கரை. கதை மறு கரை. இடையே ஓடம் விடுபவன் அவன்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பாட்டிமார் ஆடிய தாயத்தைப் பாருங்கள். "என் காய் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிட்டது" என்று எவரும் சொல்வதில்லை, "வெட்டுப்பட்டது" என்கிறார்கள். காய் சுற்றி முடித்துக் கரையேறினால் அது "பழம்". விதியே கதையாகவும் கதையே விதியாகவும் அமைந்த சொற்கள் இவை. நம் அலுவலகத்திலுந்தான் என்ன? "கீழே கையொப்பமிட்டவர் தெரிவிக்கப் பணிக்கப்பட்டுள்ளார்" என்று நாள்தோறும் எழுதுகிறோம். கையொப்பமிட்டவருக்கு வீடும் கடனும் முதுகுவலியும் உண்டென்பது அம்மடலில் எங்குமே இராது. இக்கட்டுரையில் 'நாம், நாம்' என எழுதுவதும் அவ்வேடத்தின் எச்சமே எனலாம்.

இனி, சொல்லவந்த செய்திக்கு வருகிறோம்.

நம் தாயார் நாஞ்சில் நாட்டவர். 1956 நவம்பர் முதல் நாள் அந்நாடு தமிழகத்தோடு இணைந்தபோது அவர்கள் சிறுமி. தந்தையார் மறைந்தபின் நம்மோடு திருவனந்தபுரம் வந்து பதினோராண்டுகள் இருந்தார்கள். நாகர்கோவில் சுமார் 70 கிலோமீட்டர்தான். புகைவண்டி ஏறினால் முற்பகலுக்குள் சென்று சேரலாம். எனினும் அவர்களுக்கு அது வேறு உலகமாகவே இருந்தது. சிறுநீரகங்கள் பழுதுற்ற பிறகு நாம் மருத்துவர்களோடு எண்களிலேயே பேசினோம். கிரியாட்டினின் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு, அடுத்த சோதனை என்றைக்கு என அவர்களின் கட்டிலருகே நின்றே ஆங்கிலத்தில் கணக்குப் பார்த்தோம். "எப்படி அம்மா இருக்கிறது?" என்று கேட்டால், "எனக்கென்ன மக்கா, சௌகரியமாத்தான் இருக்கேன்" என்பதே மறுமொழி. எண்களை நாம் வைத்துக்கொண்டோம். வேடத்தை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். இடையே ஓடம் இல்லை.

இதற்கிடையில் மகளின் தோழர்கள் தங்கள் வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். 2008-இல் வெளிவந்த அவ்வாட்டத்தின் நான்காம் பதிப்பில், புள்ளி பாதியாகக் குறைந்தவனைக் 'குருதி படிந்தவன்' என்னும் பொருள்படும் ஒரு சொல்லால் குறித்திருந்தார்களாம். அது விதிச்சொல், வீரனின் வாயிலும் பொருந்தும் சொல். அதைப் பின்பற்றி இவர்களும் சில சொற்களை வகுத்துக்கொண்டார்கள். 'கீறல்' என்றால் கவலையில்லை. 'குருதி' என்றால் பாதி. 'வாசலில் நிற்கிறேன்' என்றால் இன்னும் ஓரடி தாங்கான். அதன்பின் எந்த வீரனும் வீண் பெருமையால் மாளவில்லை என்று மகள் கூறினாள்.

அவ்வாண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை, அலுவலகத்திலிருந்து திரும்பிய நாம், ஆச்சியின் கட்டிலருகே பேத்தி சுண்ணாம்புக் கட்டியால் தாயக் கட்டம் வரைந்திருக்கக் கண்டோம். கட்டிலில் அமர்ந்தபடியே தாயார் சோழிகளை உருட்டினார்கள். வாயிற்படியில் நின்றோம், அவர்கள் நம்மைக் கவனிக்கவில்லை.

"ஆச்சி, உங்க காய் எங்கே நிற்கிறது?" என்றாள் மகள். கட்டத்தைப் பார்த்தே கேட்டாள். ஆனால் அவள் குரல் கட்டத்தைப் பற்றியதாக இல்லை.

தாயார் நெடுநேரம் சோழியைக் கையிலேயே வைத்திருந்தார்கள். "பழுக்கிறதுக்கு ஒரே ஒரு தாயந்தான் மக்களே வேணும். ஆனா, அதுக்கு முன்னே வெளியூர்க் கட்டத்துலே வெட்டுப்பட்டுரக் கூடாது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துரணும்."

"அப்பாவிடம் சொன்னீர்களா?"

"அவனுக்குக் கணக்குத்தான் தெரியும். பாவம், அவனைப் பயங்காட்டுவானேன்?"

நாம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றிருந்தோம். எத்தனை மருத்துவ அறிக்கைகளைப் படித்திருந்தோம்! அவற்றுள் எதிலும் இல்லாத செய்தி ஒரே ஒரு தாயத்தில் இருந்தது.

மறுவாரமே அவர்களை நாகர்கோவிலுக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் முதலில் தயங்கினார். பின்னர் மருந்துகளை எழுதிக்கொடுத்து விடைதந்தார். பிறந்த வீட்டுத் திண்ணையில், பழைய உறவினர் சூழ, தாயார் பதினொரு நாள் இருந்தார்கள். ஒருநாள் காலையில் நாமே அருகில் அமர்ந்து, சற்று நாணத்தோடு, "அம்மா, காய் எங்கே நிற்கிறது?" என்று கேட்டோம். நம்மை ஏற இறங்கப் பார்த்தார்கள். "உனக்கும் இந்த ஆட்டம் தெரியுமாலே?" என்று சிரித்துவிட்டு, "பழுத்தாச்சு மக்கா" என்றார்கள். அதன்பின் எது செய்ய வேண்டும், எவரிடம் எது சேர வேண்டும் என்பதையெல்லாம் ஒளிவின்றிப் பேசினார்கள். அவ்வொரு காலைப் பொழுதில் நாற்பதாண்டுப் பேச்சைப் பேசித் தீர்த்தோம்.

சங்க அன்பர்களே! பிறமொழி நிலத்தில் வாழும் நம் வீடுகளில் முதியோருக்கு ஒரு மொழியும், அலுவலகத்துக்கு ஒரு மொழியும், பிள்ளைகளுக்கு ஒரு மொழியுமாக ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. "எனக்கொன்றுமில்லை" என்று நிமிர்ந்து நிற்கும் வீரர் ஒருவரேனும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவர்களிடம் புள்ளிக்கணக்கு கேட்டால் பதில் வராது. அவர்களுடைய ஆட்டத்தின் சொல்லால் கேட்க வேண்டும். அச்சொல்லை நம் மகள் அயல்நாட்டு ஆட்டமொன்றிலிருந்து கற்று வந்தாள். கேட்டறியும் பேறு நமக்கு வாய்த்தது. அதுவும் கடைசிக் கட்டத்தில்.

ஞாயிறு மாலைகளில் உணவு மேசையில் இன்றும் கூச்சல் எழுகிறது. "விளையாட்டுத்தானே" என்று நாம் இப்போது சொல்வதில்லை. தேநீர் போட்டுக்கொடுத்துவிட்டு, ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துகொள்கிறோம்.