நாடாவுக்காக வளைந்துகொடுக்கும் கருவி

கேம்கார்டர் எனப்படும் நாடா வீடியோ கேமரா, காட்சியைப் பிடிக்கும் பகுதியையும் அதைக் காந்த நாடாவில் பதிந்து மீண்டும் ஓட்டிக்காட்டும் பகுதியையும் ஒரே உறைக்குள் அடக்கிய கருவியாகும். 1985-இல் அறிமுகமான வீடியோ8, 1989-இன் ஹை8, 1995-இன் மினிடிவி என வடிவங்கள் மாறியபோதிலும், சுழலும் உருளை ஒன்றில் பொருத்தப்பட்ட நுண்ணிய காந்தமுனைகள் நாடாவின்மீது சாய்வான தடங்களாகப் படத்தை எழுதிச்செல்லும் முறை மாறவில்லை. பழுதுபார்க்கும் தொழிலாளர் அவ்வுருளையை டிரம் என்றும் முனைகளை ஹெட் என்றும் வழங்குகின்றனர். மினிடிவியில் நாடாவின் அகலமே 6.35 மி.மீ.தான்; வழக்கமான வேகத்தில் ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு; டிரம்மோ நிமிடத்துக்கு 9,000 முறை சுழல்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூசியும் இங்கே படத்தை மறைத்துவிடும் என்பதில் வியப்பில்லை.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், குறுகிய படிக்கட்டின் மேலே உள்ள ஒரு மாடியறைப் பட்டறை இக்கட்டுரைக்கான களமாக அமைந்தது. அங்கே பழைய கேமராக்களைக் கொண்டுவருவோர் பெரும்பாலும் படம்பிடிக்க விரும்புவோர் அல்லர். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய திருமணத்தையோ வளைகாப்பையோ, மறைந்துவிட்ட பெற்றோரின் குரலையோ ஒருமுறையேனும் மீட்டுக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று வருபவர்கள். "முதல்ல எங்க கேசட்டையே போட்டுப் பாருங்கண்ணே" என்று கேட்ட பெண்மணியிடம், "வேண்டாம்மா, மெஷின் போனா வேற மெஷின் தேடலாம், இது போனா போனதுதான்" என்று மூத்த தொழிலாளர் மறுத்த மறுப்பில் இத்தொழிலின் முதல் விதி அடங்கியிருக்கிறது. இறுகிப்போன ரப்பர் உருளை நாடாவின் ஓரத்தைச் சுருட்டிவிடும், மசகு காய்ந்த பற்சக்கரம் நடுவழியில் நின்று நாடாவைச் சிக்கவைக்கும் என்பதால், இழந்தாலும் பாதகமில்லாத ஒரு கேசட்டை ஓட்டிப் பார்க்காமல் வாடிக்கையாளரின் கேசட் உள்ளே செல்வதில்லை.

பழுதை அறியும் முறை எளிய பிரிப்பில் தொடங்குகிறது. கேமராவை நேர்க்காட்சியில் வைத்தால் படம் தெளிவாகவும், நாடாவை ஓட்டினால் மட்டும் குறையாகவும் தெரிந்தால் குற்றம் நாடாப் பகுதியைச் சேர்ந்தது. மாறாக, நாடா நன்றாக ஓடி நேர்க்காட்சி மட்டும் கறுத்தோ ஊதாநிறம் பாய்ந்து நெளிந்தோ தெரிந்தால், ஒளியை மின்குறியாக மாற்றும் சிசிடி சில்லையே ஐயுற வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்தால் அச்சில்லின் உள்ளிணைப்புகள் அறுபடக்கூடும் என்று 2005-இல் கேமரா நிறுவனங்கள் பலவும் அறிவித்தன. கேசட்டை மீட்க வந்தவருக்கோ அந்தச் சில்லு தேவையே இல்லை என்பதால், தொழிலாளர் அதைத் தொடாமல் விட்டுவிடுகின்றனர்.

நாடாப் பகுதியின் பழுதுகளைத் திரையிலிருந்தே படிக்கும் திறன்தான் இக்கைவினையின் உயிர்நிலை எனலாம். மினிடிவியின் டிரம்மில் எழுதும் ஹெட்டுகள் இரண்டு; நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பாலில் (PAL) ஒரு முழுப்படம் பன்னிரண்டு தடங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு தடமும் படத்தின் ஒரு கிடைப்பட்டையைத் தாங்குகிறது. ஆகவே ஒரு ஹெட்டில் மட்டும் அழுக்கு அடைத்தால் திரையில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பட்டைகள் உறைந்தோ சதுரங்களாகச் சிதறியோ நிற்கும். பழைய வீடியோ8 வடிவத்தில் அதே அடைப்பு வெண்பொரியாகத் தோன்றும். அதன் ஒலியையும் அதே டிரம்மே பதிவதால் ஒலியும் கூடவே இரையும். வி.எச்.எஸ். கேசட்டிலோ சாதாரண ஒலித்தடம் நாடாவின் ஓரத்தில் தனியே ஓடுவதால், படம் முற்றிலும் பொரிந்துபோனாலும் நாதசுரம் தடையின்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அடைப்பு என்று தெரிந்ததும், ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோல்துண்டை டிரம்மின்மீது அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் டிரம்மை மெதுவாகச் சுற்றுகின்றனர். தோல்துண்டை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் ஒடிந்துவிடும். பஞ்சுக்குச்சியின் இழையும் அதில் சிக்கிக்கொள்ளும். பார்வைக்கு ஒன்றுமே நிகழாதது போன்ற அந்த அரை நிமிடத்தில் பட்டறையில் எவரும் பேசுவதில்லை.

வீடியோ8 போன்ற பழைய வடிவங்களில் இரைச்சல் படத்தின் மேற்பகுதியில் மட்டும் நின்றால் நாடா டிரம்முக்குள் நுழையும் பக்கத்து வழிகாட்டித் தண்டும், கீழ்ப்பகுதியில் மட்டும் நின்றால் வெளியேறும் பக்கத்துத் தண்டும் உயரம் பிசகியிருக்கின்றன என்று கொள்ளப்படுகிறது. இங்கேதான் சிக்கல் நுணுக்கமாகிறது. பிசகு இப்போதைய கருவியில் இல்லாமல், அன்று திருமணத்தைப் படம்பிடித்த கருவியில் இருந்திருக்கவும் கூடும். அவ்வாறு கோணலாக எழுதப்பட்ட தடங்களைச் செம்மையான கருவி படிக்க இயலாது. அந்நிலையில் தொழிலாளர், நல்ல நிலையில் உள்ள தண்டின் திருகைச் சிறிதளவே திருப்பி, திரையில் இரைச்சல் ஒதுங்கும்வரை தம் கருவியை வேண்டுமென்றே பிசகச்செய்து, கேசட் முழுவதையும் கணினியில் பதிந்த பின்னர் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றனர். எவ்வளவு திருப்பினோம் என்பது மறந்துவிடாதிருக்க, திருகின் தலையில் முன்னதாகவே மையால் ஒரு கோடு இடப்படுகிறது. என்றோ ஒருநாள் இன்னொருவர் கையில் இருந்த கருவியின் குறையைக்கூட மதித்து, அதற்கேற்பத் தம் கருவியை வளைக்கும் இப்பொறுமை எந்தக் கையேட்டுத் திறனுக்கும் மேலானது.

திருகைப் பழைய நிலைக்குத் திருப்பியதைச் சரிபார்க்க, செம்மையான கேமராவில் முன்பு பதிந்துவைத்த சோதனை கேசட் ஒன்று வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்திலும் ஹெட்டுகள் உரசுவதால் அக்கேசட்டும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. ஈரம் பட்டுப் பூஞ்சை படியாதிருக்க அதை மூடிய டப்பாவில் சிலிக்கா குருணைப் பொட்டலத்துடன் வைத்திருக்கும் அப்பட்டறையில், முப்பது நொடிக்கு மேல் அது ஓட்டப்படுவதில்லை. உறையின்மேல் ஒட்டிய தாளில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு கோடு கிழிக்கப்படுகிறது.